சர்வரை அடைக்கும் கூட்டம்: எந்தக் காவலை எடுப்பது?

"சைட் அடிக்கடி விழுகிறது. ஹோஸ்டிங்கை மாற்றவா, கிளவுட்ஃபிளேர் போடவா, பேசாமல் பெரிய சர்வராக எடுத்துவிடவா?" ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் சின்ன அளவில் நடத்துபவர்கள்: இணைய இதழ் வைத்திருப்பவர், ஆன்லைனில் சேலை விற்பவர், நாலைந்து பேருக்கு சைட் செய்துகொடுத்துத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். 2 ஜிபி ரேம் உள்ள ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்), அதில் வேர்ட்பிரஸ், மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் செலவு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வங்கிகளுக்கு ஆலோசனை சொல்லத் தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சர்வர் எழுதிவைக்கும் பதிவேடான ஆக்சஸ் லாக்கைத் திறந்து, சைட் விழுந்த நேரத்தில் எந்த முகவரியிலிருந்து எந்தப் பக்கத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் இதழ் ஒரு வாரம் தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு மூச்சுத் திணறியது. யாரோ திட்டமிட்டு அடிக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் சொல்லியும் விட்டேன். கடைசியில் பார்த்தால், டேட்டாபேஸ் பேக்கப்பையும் கேஷை, அதாவது ஒருமுறை தயாரித்து எடுத்துவைத்த பக்கங்களை, துடைக்கும் வேலையையும் ஒரே நேரத்துக்கு கிரான் என்ற நேர அட்டவணையில் போட்டு வைத்திருந்தது நானேதான்.

இப்போதெல்லாம் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. ஏஐ நிறுவனங்களுக்காகப் பக்கங்களை அள்ளிக்கொண்டு போகும் தேடு நிரல்கள். யாருக்கும் உங்கள்மேல் பகை இல்லை, ஆனால் விளைவு தாக்குதல்தான். 2024 ஜனவரியிலிருந்து தங்கள் படங்கள், வீடியோக்களைத் தரவிறக்கும் அளவு 50 சதவீதம் கூடிவிட்டதாகவும், அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நிரல்கள்தான் என்றும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் 2 ஜிபி சர்வர் என்ன செய்யும்?

## தெரு அடைப்பும் பந்தி அடைப்பும்

சேவை மறுப்புத் தாக்குதல், பேச்சு வழக்கில் டிடாஸ், என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வேறு நோய்கள். கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு வரும் தெருவையே ஆயிரம் லாரிகளை விட்டு அடைத்துவிடலாம். அல்லது விருந்தாளி மாதிரி உள்ளே வந்து, பந்தியில் எல்லா இலைகளிலும் உட்கார்ந்து, எழுந்திருக்காமல் இருக்கலாம்.

தெரு அடைப்பு என்பது இணைப்பின் அகலத்தையே நிரப்புவது. உங்கள் விபிஎஸ்ஸுக்கு நொடிக்கு 1 கிகாபிட் அகலம் என்று வையுங்கள். 2016 செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளத்தின் மேல் வந்தது 620 கிகாபிட். 2018 பிப்ரவரி 28-இல் நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப் மேல் வந்தது 1.35 டெராபிட். கிரெப்ஸை அடித்த மிராய் என்ற நிரல் ஓடியது, கடவுச்சொல் மாற்றப்படாத வீட்டுக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும். அதை எழுதிய மூன்று இளைஞர்களும் மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் வியாபாரத்தில் போட்டியாளர்களை விழவைக்கத் தொடங்கியவர்கள்.

பந்தி அடைப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 ஜிபி ரேமில் இயங்குதளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் ஒதுக்கியது போக, ஆளுக்கு 50, 60 எம்பி தின்னும், வேர்ட்பிரஸ் பக்கங்களைத் தயாரிக்கும் பிஎச்பி வேலையாட்கள் 20 பேரை நிறுத்தலாம். வேர்ட்பிரஸ் தேடல் ஒன்றுக்கு அரை நொடி ஆகிறது என்றால், நொடிக்கு 40 தேடல்தான் உங்கள் உச்சம். நாற்பத்தொன்றாவது ஆளிலிருந்து வரிசை நீள ஆரம்பிக்கும். நொடிக்கு 40 கோரிக்கை அனுப்ப கேமராப் படை எதற்கு? ஒரு லேப்டாப் போதும்.

சின்ன சைட்டுகளில் நான் பார்த்த விழுதல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பந்தி அடைப்புதான். பயந்துபோய் வாங்கப்படும் சேவைகளோ பெரும்பாலும் தெரு அடைப்புக்கானவை.

## எதை வைத்து எடை போடுவது

எல்லா வழிகளையும் ஒரே தராசில் வைக்க ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, அது எந்த அடைப்பைத் தடுக்கிறது. அடுத்தது பணம், ஆனால் மாதக் கட்டணம் மட்டும் அல்ல. தாக்குதல் நடக்கும் நாளில் பில் எவ்வளவு ஏறும் என்பதும் சேர்த்து. மூன்றாவது, தப்பாக யாரை அடிக்கும். நிஜ வாசகரை விரட்டும் காவலாளி இருந்தால் தாக்குபவனுக்கு வேலை மிச்சம். நான்காவது, உங்கள் வாசகர் அனுப்புவதை வேறு யார் படிக்க முடிகிறது. ஐந்தாவதாக, இரவு ஒரு மணிக்கு யார் எழுந்திருக்க வேண்டும்.

## வழி 1: சர்வரிலேயே வேலி போடுவது

செலவில்லாத வழி என்பதால் இதைப் பலரும் மதிப்பதில்லை. எனக்கு இதுதான் முதல் படி.

பழைய வித்தைகள் சில ஏற்கெனவே உங்கள் சர்வரில் இருக்கின்றன. 1996-இல் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய நிறுவனத்தை, பாதியில் நிற்கும் இணைப்புக் கோரிக்கைகளால் முடக்கினார்கள். அதே ஆண்டு டேனியல் பெர்ன்ஸ்டைன் முன்வைத்த சின் குக்கீ என்ற உத்தி இன்று லினக்ஸில் இயல்பாகவே இயங்குகிறது. இதற்கென்று "சிறப்பு அமைப்பு" செய்து தருவதாக யாராவது காசு கேட்டால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். 2009-இல் வந்த ஸ்லோலாரிஸ், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் இலையை விடாத ஆளைப் போன்றது. கோரிக்கையைச் சொட்டுச் சொட்டாக அனுப்பி இணைப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இணைப்புக்கு ஓர் ஆளை ஒதுக்கும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் நிரல் இதில் எளிதில் மாட்டும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு நிரல் அவ்வளவு சீக்கிரம் மாட்டாது. அப்பாச்சியை விட முடியாதவர்கள் அதன் ரெக்டைம்அவுட் மாட்யூலை இயக்கி வையுங்கள்.

உண்மையான பலன் தருவது கேஷ். கட்டுரைப் பக்கத்தை ஒரு நிமிடம் கேஷில் வைத்தால்கூட அந்த ஒரு நிமிடத்துக்கு பிஎச்பியை எழுப்பத் தேவையில்லை. நாற்பதில் திணறிய அதே சர்வர் நொடிக்கு ஆயிரக்கணக்கில் பரிமாறும். லாகின் செய்தவர்களுக்கும் வண்டியில் பொருள் போட்டவர்களுக்கும் இது பொருந்தாது. அதனால்தான் இதழ்களைவிடக் கடைகளைக் காப்பது கடினம்.

அப்புறம் ரேட் லிமிட். என்ஜின்எக்ஸில் ஒரு ஐபிக்கு, அதாவது ஓர் இணைய முகவரிக்கு, நொடிக்கு இத்தனை கோரிக்கை என்று வரம்பு வைக்கலாம். 64 பிட் சர்வரில் 1 எம்பி நினைவகத்துக்கு சுமார் 8,000 முகவரிகளைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். 10 எம்பி ஒதுக்கினால் 80,000. ஆனால் நம் ஊர்ச் சூழலில் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மொபைல் நெட்வொர்க்குகள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் உட்காரவைக்கின்றன. கல்லூரி விடுதியும் அப்படித்தான். எல்லாப் பாதைக்கும் சேர்த்து நொடிக்கு 5 என்று நான் முதலில் வைத்தபோது, ஒரு பக்கத்தில் 30 படங்கள் இருந்ததால், தனியாகப் படித்துக்கொண்டிருந்த வாசகரே அடி வாங்கினார். ஒரே டவருக்குக் கீழே இருந்து நாலு பேர் வந்தால் கேட்கவே வேண்டாம். படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் விட்டுவிட்டு, தேடல், லாகின், செக்அவுட் பக்கங்களுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். ஒரே மூச்சில் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பொறுத்துக்கொள்ள பர்ஸ்ட் விடுங்கள். வெளி ஆப்களிலிருந்து வேர்ட்பிரஸ்ஸை இயக்க உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் மூடியே விடலாம்.

ஐபிவி6 என்ற புது வகை முகவரிகளில் கதை தலைகீழ். சாதாரண வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் ஒரு /64 தொகுதிக்குள்ளேயே 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி முகவரிகள். முகவரிக்கு ஒரு வரம்பு என்றால், தாக்குபவன் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது முகவரி எடுத்துக்கொள்வான். தொகுதி மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு வரம்பு வைக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நேரம். அப்டேட் செய்வதும் அதில் சேரும். 2023 அக்டோபர் 10-இல் வெளியே சொல்லப்பட்ட எச்டிடிபி/2 ரேப்பிட் ரீசெட் ஓட்டையைப் பயன்படுத்தி கூகுள் மேல் வந்தது நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள். அந்த அளவு உங்களுக்கு வராது. ஆனால் அதே ஓட்டை உங்கள் பழைய வெப் சர்வரிலும் திறந்துதான் கிடக்கும்.

தெரு அடைப்புக்கு இந்த வழி உதவவே உதவாது. பாக்கெட் உங்கள் வாசலுக்கு வந்த பிறகு அதைத் தூக்கிப்போட்டு என்ன, தெரு ஏற்கெனவே நிரம்பிவிட்டது. ஃபயர்வாலில் எத்தனை விதி எழுதினாலும் இதில் மாற்றமில்லை.

## வழி 2: ஹோஸ்டிங் நிறுவனத்தின் காவல்

ஓவிஎச் 2013-இலிருந்து எல்லா வாடிக்கையாளர்களுக்கும் டிடாஸ் காவலைச் சேர்த்தே தருகிறது. ஹெட்ஸ்னரும் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. தெரு அடைப்பை அவர்களுடைய அகலமான வாசலிலேயே வடிகட்டிவிடுவார்கள், நீங்கள் எதையும் தொட வேண்டாம், வாசகர் அனுப்புவதை வேறு யாரும் பிரித்துப் படிப்பதும் இல்லை. வெப் பக்கம் (எச்டிடிபி) அல்லாத சேவை, உதாரணமாக விளையாட்டு சர்வரோ மெயில் சர்வரோ நடத்துபவருக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வழி.

பந்தி அடைப்பு இவர்கள் கண்ணில் படாது. ஒழுங்காக உடுத்தி வந்த விருந்தாளிக்கும் இலை பிடிக்க வந்தவனுக்கும் தெருமுனையில் வித்தியாசம் தெரியாது, அதுவும் எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்க மூடியோடு வரும்போது.

மறைந்திருக்கும் ஆபத்தின் பெயர் நல் ரூட். காவல் சேர்க்காத நிறுவனங்கள், தாக்குதல் ஓர் அளவைத் தாண்டினால் உங்கள் ஐபிக்கு வரும் எல்லாவற்றையும் வழியிலேயே கொட்டிவிடுவார்கள். பக்கத்து வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற அது நியாயம்தான். உங்கள் சைட் மட்டும் சில மணி நேரம் இணையத்திலேயே இருக்காது. தாக்குபவன் கேட்டதும் அதுதானே? ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் கணக்கையே நிறுத்திவைப்பார்கள். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "என் ஐபி மேல் தாக்குதல் வந்தால் வடிகட்டுவீர்களா, நல் ரூட் செய்வீர்களா, செய்தால் எவ்வளவு நேரம்?" பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

## வழி 3: முன்னால் ஓர் ஆளை நிறுத்துவது

கிளவுட்ஃபிளேர், ஃபாஸ்ட்லி, அகமாய் வகை, முன்காவல் என்று வைத்துக்கொள்வோம். டொமைனின் டிஎன்எஸ் (பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பதிவு) அவர்களுடைய முகவரியைக் காட்டும், வருபவர் எல்லோரும் முதலில் அவர்களிடம் போவார்கள், வடிகட்டியது உங்களிடம் வரும். இரண்டு அடைப்பையும் ஓரளவு தடுக்கும் வழி இது. கிளவுட்ஃபிளேர் 2017 செப்டம்பரில், எவ்வளவு பெரிய தாக்குதல் வந்தாலும் அளந்து காசு கேட்க மாட்டோம் என்று இலவசத் திட்டத்துக்கும் சேர்த்து அறிவித்தது. சின்ன ஆட்களுக்கு அது பெரிய விஷயம். தாக்குதல் நாளில் பில் ஏறாது என்பதே என் தராசில் பாதி எடை.

போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்காகச் சில உண்மைகள்.

முதலில், கிளவுட்ஃபிளேர் தானாகக் கேஷ் செய்வது படங்களையும் ஸ்டைல், ஸ்கிரிப்ட் கோப்புகளையும்தான். எச்டிஎம்எல் பக்கங்களை நீங்கள் விதி எழுதிச் சொல்லாமல் கேஷ் செய்யாது. அதாவது அந்த அரை நொடித் தேடல் இன்னும் உங்கள் 20 வேலையாட்களிடம்தான் வந்துகொண்டிருக்கும். "போட்டேன், ஆனாலும் விழுகிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது, அசல் ஐபி, அதாவது உங்கள் சர்வரின் சொந்த முகவரி. முன்வாசலில் ஆளை நிறுத்திவிட்டுப் பின்வாசல் முகவரியை ஊரெல்லாம் எழுதி வைத்தால் என்ன பயன்? ஐபி கசியும் வழிகள் ஏராளம். அதே சர்வரிலிருந்து போகும் ஆர்டர் மெயிலின் தலைப்பில் இருக்கும். மெயிலுக்காக வைத்த துணை டொமைன் நேராக அதையே காட்டும். பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேமித்து வைத்திருக்கும் தளங்களில் கிடைக்கும். இணையம் முழுக்க ஐபி ஐபியாகத் தட்டிப் பார்ப்பவர்களிடம் உங்கள் சர்வர் தன் எஸ்எஸ்எல் சான்றிதழைக் காட்டி, டொமைன் பெயரைத் தானே சொல்லிவிடும். முன்காவல் நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஐபி பட்டியலைத் தவிர மற்றவர்களுக்கு வெப் வாசல்களான 80, 443 போர்ட்டுகளை மூடுங்கள். மெயிலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இரண்டும் முடிந்த பிறகு புது ஐபி வாங்குங்கள். வரிசை முக்கியம். முதலில் ஐபியை மாற்றிவிட்டு அப்புறம் மெயிலைப் பார்த்தால், புது ஐபியும் அன்றைக்கே வெளியே போயிருக்கும்.

மூன்றாவது, லாக். சரியாக அமைக்காவிட்டால் உங்கள் லாக்கில் வாசகரின் ஐபிக்குப் பதில் முன்காவலின் ஐபிதான் இருக்கும். இதில் நான் பட்ட அடி தனி. ஃபெயில்டூபேன் என்ற நிரல் லாக்கைப் படித்து, அதிகமாகத் தட்டும் முகவரிகளைத் தடை செய்யும். முன்காவல் போட்ட அன்று மாலையே அது கடமையுணர்ச்சியோடு முன்காவலின் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ய ஆரம்பித்தது. எந்தத் தாக்குதலும் இல்லாமலே சைட் விழுந்தது. உண்மை ஐபியை மீட்டெடுக்கும் அமைப்பைப் போட்டால் இன்னொரு வேடிக்கை: சரியான ஆளைத் தடை செய்யும், ஆனால் தடை வேலை செய்யாது. ஏனென்றால் பாக்கெட் வருவது முன்காவலிடமிருந்து, ஃபயர்வாலுக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது. தடையை முன்காவலின் பக்கத்திலேயே போட வேண்டும். இந்தியாவில் நடத்துபவர்களுக்கு லாக் என்பது சட்ட விஷயமும்கூட. அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு, டிடாஸ் உள்ளிட்ட சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் இயல்பாக 14 நாளில் அழிந்துவிடும்.

நான்காவது, அடி தவறாக விழும் இடம். தாக்குதல் நேரத்தில் எல்லோரையும் நிறுத்திச் சோதிக்கும் பொத்தான் ஒன்று இந்தச் சேவைகளில் இருக்கும். பிரவுசரில் வருபவர் சில நொடி காத்திருந்து உள்ளே வந்துவிடுவார். பேமென்ட் கேட்வே அனுப்பும் தகவல் பிரவுசரிலிருந்து வருவதில்லை, அது சோதனையில் தேறாது. ஒரு கடைக்கு அந்தப் பொத்தானை நான் அழுத்தினேன், பணம் வந்ததைச் சொல்லும் முகவரிக்கு விலக்கு கொடுக்க மறந்தேன். பணம் வங்கிக்குப் போனது, ஆர்டரில் "பணம் வரவில்லை" என்றே நின்றது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்து விளக்கியது கடைக்காரர், நான் இல்லை. செல்போன் ஆப்புக்கும் ஆர்எஸ்எஸ் ஓடைக்கும் இதே கதிதான்.

ஐந்தாவது, தனியுரிமை. எச்டிடிபிஎஸ் பூட்டு முன்காவலிடத்தில் திறக்கப்பட்டு மறுபடி பூட்டப்படுகிறது. கடவுச்சொல், முகவரி எல்லாம் நடுவில் அவர்களுக்குத் திறந்தே தெரியும். செய்தி இதழுக்கு இது பெரிய கவலை இல்லை. ரகசியத் தகவல் பெறும் பத்திரிகையாளருக்கும் மருத்துவமனைக்கும் கவலைதான்.

பிறகு, எல்லோரும் ஒரே ஆளை நிறுத்தினால் அவர் மயங்கி விழும்போது எல்லோரும் விழுவோம். 2019 ஜூலை 2-இல் ஒரே ஒரு மோசமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் விதி) கிளவுட்ஃபிளேரை 27 நிமிடம் முடக்கியது. 2025 நவம்பர் 18-இல் பாட் கண்டறியும் கோப்பு ஒன்று இரண்டு மடங்காக வீங்கி, சுமார் மூன்று மணி நேரம் ஏராளமான தளங்கள் திறக்கவில்லை. என் கணக்கில் இது ஏற்கக்கூடிய ஆபத்து. தனியாக நின்றால் வருடத்துக்கு மூன்று மணி நேரத்தைவிடக் கூடுதலாகவே விழுவோம்.

இலவசம் என்பதன் எல்லைக்கு கிரெப்ஸ் கதையே சாட்சி. அவருக்கு அகமாய் கட்டணம் வாங்காமல் காவல் தந்துகொண்டிருந்தது. 620 கிகாபிட் வந்து நின்றபோது, காசு கொடுக்கும் வாடிக்கையாளர்களை நினைத்து விலகிக்கொண்டது. கூகுளின் புராஜெக்ட் ஷீல்டு அவரை ஏற்றுக்கொண்டது. செய்தித் தளங்களுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் அது இன்றும் இலவசம். கிளவுட்ஃபிளேரின் புராஜெக்ட் கலிலியோவும், 2014-இலிருந்து, அப்படித்தான். சிறு செய்தி இதழ் நடத்துபவர்கள் விண்ணப்பித்துப் பார்க்க இரண்டுமே தகுந்தவை.

## வழி 4: பெரிய மேகத்துக்குப் போவது

அமேசானின் ஏடபிள்யூஎஸ் போன்ற இடங்களில் தெரு அடைப்புக்கான ஷீல்டு ஸ்டாண்டர்டு எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. கூட்டம் வந்தால் சர்வர் தானாகப் பெருகும் வசதியும் உண்டு. பிளஸ் டூ முடிவு வெளியாகும் காலைபோல, நிஜ மனிதர்கள் ஒரே நேரத்தில் குவியும் தளத்துக்கு இது அருமை.

தாக்குதலுக்கு இதே வசதி எமனாகும். பந்தியில் இலை போதவில்லை என்று, வந்தவர் யார் என்று பாராமல் இலை போட்டுக்கொண்டே போவதுதான் ஆட்டோஸ்கேலிங். சைட் விழாது, பில் உங்களை விழவைக்கும். அமெரிக்கப் பகுதிகளில் வெளியே போகும் டேட்டாவுக்கு ஜிபிக்கு 9 சென்ட். பெரிய கோப்பு ஒன்றை விடாமல் தரவிறக்கி, நொடிக்கு 1 கிகாபிட் வெளியே போகவைத்தால் மணிக்கு 450 ஜிபி, சுமார் 40 டாலர். ஒரு நாள் முழுக்க ஓடினால் ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. வாஃப் எனப்படும் வெப் ஃபயர்வாலுக்கு பத்து லட்சம் கோரிக்கைக்கு 60 சென்ட். நொடிக்கு 10,000 கோரிக்கை வந்தால் மணிக்கு 3.6 கோடி, அதற்கு 21 டாலருக்கு மேல். இந்தப் பில் அதிர்ச்சிக்கு ஈடு தரும் ஷீல்டு அட்வான்ஸ்டு மாதம் 3,000 டாலர், அதுவும் ஓராண்டு ஒப்பந்தம். வருடத்துக்கு 30 லட்ச ரூபாய்க்கு மேல். சேலைக் கடைக்கு இதைப் பரிந்துரைப்பவர் உங்கள் நண்பர் இல்லை.

ஏற்கெனவே அங்கேதான் எல்லாம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருக்கிறார் என்றால் இருங்கள். பெருகுவதற்கு ஓர் உச்ச வரம்பும் பில் எச்சரிக்கையும் வைத்த பிறகு. தாக்குதலுக்குப் பயந்து மட்டும் அங்கே குடிபோகாதீர்கள்.

## வழி 5: போக்குவரத்தையே திருப்பிவிடுவது

சொந்தமாக ஐபி தொகுதியும் நெட்வொர்க்கும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். தாக்குதல் வந்ததும் மொத்தப் போக்குவரத்தையும் பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக ஒரு சுத்திகரிப்பு மையத்துக்குத் திருப்பி, வடிகட்டியதைத் திரும்பப் பெறுவது. 2018-இல் கிட்ஹப் அகமாயின் புரோலெக்ஸிக் மூலம் செய்தது இதுதான். பத்து நிமிடத்துக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். இதைப் படிக்கும் உங்களிடம் சொந்த ஐபி தொகுதி இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானதே இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சர்வர் வேலி | ஹோஸ்டிங் காவல் | முன்காவல் | பெரிய மேகம் |
|---|---|---|---|---|
| தெரு அடைப்பு | தடுக்காது | தடுக்கும், அல்லது நல் ரூட் | தடுக்கும், அசல் ஐபி கசியாதவரை | தடுக்கும் |
| பந்தி அடைப்பு | நன்றாகத் தடுக்கும் | தெரியாது | விதி எழுதினால் தடுக்கும் | வாஃப் போட்டால் |
| மாதச் செலவு | இல்லை | ஹோஸ்டிங்கோடு சேர்ந்தது | இலவசத்திலிருந்து | பயன்படுத்துவதைப் பொறுத்து |
| தாக்குதல் நாள் பில் | ஏறாது | பெரும்பாலும் ஏறாது | கிளவுட்ஃபிளேரில் ஏறாது, மற்றவர்களிடம் கேளுங்கள் | ஏறும் |
| தப்பாக அடி வாங்குபவர் | ஒரே ஐபியைப் பகிரும் மொபைல் வாசகர் | நல் ரூட் ஆனால் எல்லோரும் | பேமென்ட் கேட்வே, ஆப் | நீங்கள் |
| நடுவில் படிப்பவர் | யாருமில்லை | யாருமில்லை | முன்காவல் நிறுவனம் | மேக நிறுவனம், எல்லாம் அங்கேயே இருப்பதால் |
| இரவில் எழ வேண்டியவர் | நீங்கள் | அவர்கள் | பெரும்பாலும் அவர்கள் | இருவரும் |

## சரி, யாருக்கு எது

படிக்க மட்டுமே வருபவர்கள் உள்ள இதழ் என்றால் கேஷ்தான் பாதி காவல். முடிந்தால் சைட்டை, முன்கூட்டியே தயாரித்த ஸ்டாட்டிக் எச்டிஎம்எல்லாக மாற்றிவிடுங்கள், பந்தி அடைப்பு என்ற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. சைட்டின் முன்வாசலில் இலவச முன்காவல். அரசியல் எழுதி மிரட்டல் வாங்கும் இதழ் என்றால் அதோடு புராஜெக்ட் கலிலியோ அல்லது புராஜெக்ட் ஷீல்டு விண்ணப்பம்.

கடை என்றால் முன்காவல் கட்டாயம், சர்வர் வேலியும் கூட வேண்டும். எச்டிஎம்எல் கேஷ் விதியில் வண்டி, செக்அவுட் பக்கங்களுக்கு விலக்கு வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் வண்டி இன்னொருவருக்குத் தெரியும், அது டிடாஸைவிடப் பெரிய வம்பு.

விளையாட்டு சர்வர், மெயில், குரல் அழைப்பு நடத்துபவர்கள் முன்காவலின் இலவசத் திட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். அது எச்டிடிபியைத்தான் கடத்தும். வடிகட்டும் ஹோஸ்டிங்காகப் பார்த்து மாறுங்கள்.

வாசகரின் தகவலை மூன்றாவது ஆளிடம் காட்டவே கூடாது என்பவர்களுக்கு இரண்டாவது வழியும் முதல் வழியும் சேர்ந்து. தாக்குதல் நாளில் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும், தெரிந்தே எடுக்கும் முடிவு அது.

சேலைக் கடைக்காரருக்கு நான் செய்தது: லாக்கைப் பார்த்தேன், முக்கால்வாசி தேடல் பக்கத்தில் வந்த அடி. தேடலுக்கு வரம்பு, மற்ற பக்கங்களுக்கு ஒரு நிமிடக் கேஷ், எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்குப் பூட்டு. அந்த மாலையே சைட் நிமிர்ந்தது. முன்காவல் அடுத்த நாள். புது ஐபி அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான், ஏனென்றால் ஆர்டர் மெயிலை அதே சர்வரிலிருந்து பிரித்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக அவ்வளவு நாள் ஆனது. மொத்தக் கூடுதல் செலவு அந்த மெயில் சேவைக்கான மாதக் கட்டணம் மட்டும். பெரிய சர்வருக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் தீபாவளிக்குப் புதுச் சேலைகளைப் படம் எடுத்தார்.